சிமெண்ட் வேலையும் தீராத கை அரிப்பும்

உடல்நலப் பாடம்



இந்த மாதம் ரத்தசோகை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த மாதம் வரும். அதற்கு முன்னால் ஒரு குழுக் கூட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும்.

பள்ளிக்கூடத் திண்ணையில் கூட்டம். வருகை எழுதி முடித்து, சேமிப்பு வாங்க ஆரம்பித்தோம். ஒரு அக்கா மட்டும் வட்டத்தில் உட்காராமல் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முந்தானைக்குள்ளே. அவர் முறை வந்தபோது பணத்தை ஊக்குநர் கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தார். "வச்சிடுக்கா, நான் எடுத்துக்கறேன்" என்றார் ஊக்குநர். டீ வந்தது. எல்லாருக்கும் டம்ளர், அந்த அக்காவுக்கு மட்டும் பேப்பர் கப். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. குழு ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற உறுப்பினர் அவர்.

கூட்டம் முடிந்து தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கு, புறங்கை, மணிக்கட்டு எல்லாம் தடித்துக் கறுத்துப் போயிருந்தது. சில இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளம், சில இடத்தில் வெடித்து நீர் வடிகிறது. "தொத்து வியாதின்னு சொல்றாங்க மேடம். மருமகளே சோறு பிசையக் கூடாதுங்குது" என்றார்.

அவர் பதினொரு வருடமாகச் சித்தாள் வேலைக்குப் போகிறவர். கலவை போடுவது, பாண்டில் அள்ளித் தலையில் சுமந்து கொத்தனாருக்குக் கொடுப்பது, சாயங்காலம் மீந்த கலவையைக் கையாலேயே வழித்து எடுப்பது.

என் தவறையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இதற்கு எட்டு மாதம் முன்பே அவர் என்னிடம் கையைக் காட்டியிருந்தார். "சேத்துப்புண் மாதிரி இருக்குக்கா, மருந்துக் கடையில ஒரு டியூப் வாங்கிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பியவள் நான்தான். சமூகப்பணி படித்தவள், உடல்நலப் பயிற்சி எடுத்தவள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த டியூப் போட்டதும் பத்து நாள் நன்றாக இருந்ததாம். நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக வந்ததாம். அப்புறம் அவரே கடையில் அதையே திரும்பத் திரும்ப வாங்கிப் போட்டிருக்கிறார். கத்திரிக்காய், கருவாடு இரண்டையும் ஒரு வருடமாகத் தொடவில்லை. வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று, கோயிலுக்கு வேண்டிக்கொண்டும் ஆயிற்று.

நான் கேட்காத கேள்விக்கு அவரே பதில் வைத்திருந்தார். "மழை மாசத்துல வேலை இல்லாம மூணு வாரம் வீட்டுல இருந்தா கை நல்லாயிடுது மேடம். திரும்ப வேலைக்குப் போன ரெண்டாம் நாளு அரிக்க ஆரம்பிச்சிடுது. கை நல்லா இருக்குற நாள்ல வயிறு நல்லா இருக்கறதில்ல."

இந்தப் பாடத்தில் எல்லாவற்றையும் விட இது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை நின்றால் குறைகிறது, வேலைக்குப் போனால் வருகிறது என்றால் அது பெரும்பாலும் வேலையிலிருந்து வருகிற தோல் நோய். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

சிமெண்டில் என்ன இருக்கிறது?

சிமெண்ட் தோலை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. முதலாவது சுண்ணாம்புத் தன்மை. தண்ணீர் பட்ட சிமெண்டுக்குக் கடுமையான காரம் உண்டு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வெந்துபோகிறது இல்லையா, அதே மாதிரிதான். இது யார் கையையும் விடாது. தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு வறட்சியும் வெடிப்பும் உண்டாக்கும். ஈரக் கலவையில் முட்டி போட்டு வெகுநேரம் வேலை செய்தால் தோல் வெந்து புண்ணாகவே ஆகிவிடும். அந்த நேரத்தில் வலிகூடத் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

இரண்டாவது குரோமியம் என்ற உலோகம். வண்டி ஹேண்டில்பாரில் பளபளவென்று பூசியிருப்பார்களே, அந்த உலோகத்தின் உப்பு. சிமெண்டில் யாரும் இதை வேண்டுமென்று போடுவதில்லை. சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிறது. சுமார் 1,450 டிகிரி சூட்டில் சூளையில் வேகும்போது அதில் ஒரு பங்கு தண்ணீரில் கரைகிற வகையாக மாறிவிடுகிறது. கரைவதால்தான் வம்பு. கலவையின் ஈரத்திலோ நம் வியர்வையிலோ கரைந்து தோலுக்குள் இறங்கிவிடும். சுண்ணாம்புக் காரம் ஏற்கெனவே தோலை வெடிக்க வைத்திருப்பதால் அதற்கு வழியும் திறந்தே கிடக்கிறது.

உள்ளே போன குரோமியம் நம் உடம்பின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பைக் காவல் காக்கிற அணுக்கள் அதைப் பகையாளி என்று நினைத்துக் குறித்து வைத்துக்கொள்ளும். நம் தீர்மான நோட்டில் ஒருமுறை எழுதியதை அழிக்க முடியாது அல்லவா, இதுவும் அப்படித்தான். பெயர் ஏறிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். பிறகு கொஞ்சம் பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் தோல் சிவந்து, தடித்து, அரிக்கும். இதைத்தான் ஒவ்வாமை, அலர்ஜி என்கிறோம்.

"பத்து வருஷமா இதே சிமெண்டத்தானே தொடறேன், இப்ப மட்டும் ஏன்?" என்று எல்லாருமே கேட்கிறார்கள். சிலருக்கு வேலைக்கு வந்த சில மாதத்திலேயே வரும். சிலருக்குப் பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் வரும். ஒரே இடத்தில் வேலை செய்கிற பத்துப் பேரில் ஒருவருக்கு வந்து மற்றவர்களுக்கு வராமலும் போகும். சுத்தம் இல்லாததால் வந்தது, சாப்பாட்டால் வந்தது என்பதெல்லாம் இல்லை. கத்திரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் இதில் சம்பந்தமில்லை. அந்த அக்கா ஒரு வருடம் ஆசைப்பட்டதைச் சாப்பிடாமல் இருந்ததுதான் மிச்சம்.

வேறு நோயா என்று எப்படித் தெரியும்?

சொறி சிரங்கு என்றால் ராத்திரியில் அரிப்பு தாங்காது, வீட்டில் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் வரும். படை என்றால் வட்ட வட்டமாக, ஓரம் தடித்துப் பரவும். தொழுநோய்த் தேமல் அரிக்காது, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். (அதற்கும் அரசு ஆஸ்பத்திரியில் இலவச மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும். பயப்பட்டு ஒளித்து வைக்க வேண்டாம்.) சிமெண்ட் அலர்ஜி கை, மணிக்கட்டு, முன்கையில் அதிகம் வரும். பாண்டிலிருந்து கலவைத் தண்ணீர் ஒழுகுவதால் சித்தாள்களுக்குக் கழுத்திலும் பிடரியிலும் வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இதெல்லாம் நாம் சந்தேகப்படுவதற்குத்தான். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

அந்த அக்காவை மாவட்டத் தலைநகரில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அங்கே முதுகில் சின்னச் சின்ன வட்டமாக மருந்துகளை வைத்துப் பட்டை ஒட்டினார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு பொருள். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது, வியர்க்கிற வேலை செய்யக் கூடாது. இரண்டு நாள் கழித்துப் பட்டையை எடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் இன்னும் இரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்தார்கள். குரோமியம் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. இந்தப் பரிசோதனை புதிது இல்லை, 1895-லேயே ஜெர்மனி நாட்டு டாக்டர் ஒருவர் விளக்கிக் காட்டியது. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று தடவை பஸ் ஏறிப் போக வேண்டும், அந்த வாரம் முழுக்கக் கூலி இல்லை. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம் என்று அங்கிருந்த நர்ஸம்மா சொன்னார். நம்பக்கூடியதுதான்.

மருந்துக் கடை டியூப் பற்றி டாக்டர் சொன்னதையும் எழுதுகிறேன். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் அரிப்பு அடங்குவது அதனால்தான். டாக்டர் எழுதிக் கொடுத்து, இத்தனை நாள் என்று கணக்கு வைத்துப் போட்டால் அதுவே நல்ல மருந்து. நாமாக மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து போகும். உண்மையில் படையாக இருந்தால் அதை மறைத்து இன்னும் பரவ விடும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இதுவரை போட்ட டியூப்களைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். "சிமெண்ட் வேலை செய்யறேன்"னு நீங்களே முதலில் சொல்லுங்கள். கூட்டத்தில் டாக்டர் கேட்க மறந்துவிடலாம், என்னைப் போல. ஓ.பி. சீட்டில் வேலையையும் எழுதச் சொல்லுங்கள். சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

வேலை இடத்தில் என்ன செய்யலாம்?

கையுறை போடுங்கள் என்று சொல்லிவிட்டு முடிப்பது சுலபம். போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாண்டு வழுக்குகிறது, உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது, மேஸ்திரி கிண்டல் செய்கிறார். எல்லாம் உண்மைதான். அப்படியும் போடத்தான் வேண்டும். ஆனால் எது என்று பார்த்துப் போட வேண்டும்.

துணிக் கையுறை ஈரக் கலவைக்கு ஆகவே ஆகாது. கலவைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கையோடு ஒட்டியிருக்கும். அதற்கு வெறுங்கையே மேல். தோல் கையுறையும் வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடுகிறார்கள் அல்லவா, அந்தத் தொழிலில் பெரும்பாலும் குரோம் உப்பு போட்டுத்தான் பதப்படுத்துகிறார்கள். குரோமியம் ஆகாதவர்களுக்குத் தோல் கையுறையே அரிப்பைக் கொண்டுவரும். தோல் செருப்புப் போட்டுக் காலில் வாரடையாளத்திலேயே தடிப்பு வருகிறவர்களும் இருக்கிறார்கள். முழங்கை அருகில் வரை வருகிற, தண்ணீர் இறங்காத ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை நல்லது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போட்டுக்கொண்டால் வியர்வையை அது இழுத்துக்கொள்ளும். தினமும் அதைத் துவைக்க வேண்டும். சிலருக்கு ரப்பரே ஒத்துக்கொள்ளாது, அவர்கள் நைட்ரைல் கேட்டு வாங்க வேண்டும். கையுறை கிழிந்தால், உள்ளே கலவை போய்விட்டால், அப்போதே கழற்றிக் கையைக் கழுவுங்கள்.

சும்மாட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்தால் கழுத்தில் ஒழுகாது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுகிறீர்கள், சரிதான். ஆனால் கலவையில் நனைந்து காய்ந்த அதே சட்டையை மூன்று நாள் போடாதீர்கள். காய்ந்த சிமெண்ட் வியர்வையில் மறுபடி கரையும்.

கை கழுவ ஒரு வாளி நல்ல தண்ணீர் தனியாக வேண்டும். மம்பட்டியும் கரண்டியும் கழுவின டிரம்மிலேயே நாமும் கையை முக்குவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. அது கலவைத் தண்ணீரேதான். மண்ணெண்ணெய், தின்னர், மணல் போட்டுத் தேய்ப்பது கூடாது. சாதா சோப்பு போதும். கழுவித் துடைத்த பிறகு தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். கண்ணில் சிமெண்ட் விழுந்தால் தேய்க்காமல் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவையும் நம் தலையிலேயே கட்டுவது நியாயமா என்று எனக்கே தோன்றுகிறது. சிமெண்டிலேயே இதைக் குறைக்க வழி இருக்கிறது. டென்மார்க் நாட்டில் 1983-லேயே சிமெண்டில் இரும்பு சல்பேட் கலக்க வைத்தார்கள். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சத்து மாத்திரையிலும் இந்த இரும்புதான் பெரும்பாலும் இருக்கும். இது சேர்ந்தால் கரைகிற குரோமியம் எளிதில் கரையாத வகையாக மாறிவிடும். அங்கே கட்டட வேலையாட்களுக்கு இந்த அலர்ஜி வருவது பிறகு நன்றாகக் குறைந்தது. ஐரோப்பிய நாடுகள் 2005 ஜனவரி முதல் ஒரு கிலோ சிமெண்டில் கரைகிற குரோமியம் 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்துவிட்டன. 50 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் மொத்தமே 100 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அவ்வளவு கொஞ்சத்துக்கே கட்டுப்பாடு வைக்க வேண்டியிருக்கிறது என்றால் பாருங்கள். (அன்னபேதி வாங்கி நீங்களே கலவையில் போட்டுப் பார்க்காதீர்கள். அது ஆலையில் அளவு பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.)

கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறதே, இதுவும் அதுவா என்று இரண்டு குழுவில் கேட்டார்கள். அது நிக்கல் என்ற வேறு உலோகம். கம்மல், ஊக்கு, வாட்ச் செயின் படுகிற இடத்தில் வரும். உடம்பு அதைக் குறித்து வைத்துக்கொள்கிற விதம் ஒன்றுதான். அதைத் தவிர்ப்பது சுலபம், கழற்றி வைத்துவிடலாம். கூலி வேலையை அப்படிக் கழற்றி வைக்க முடியாது.

அந்த அக்காவிடம் டாக்டர் சொன்னது சிமெண்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான். இன்னொன்றும் சொன்னார். ரொம்ப நாள் ஆகிவிட்டவர்களுக்கு, வேலையை விட்ட பிறகும் சில வருடம் விட்டு விட்டு வரலாம், சீக்கிரம் வந்திருந்தால் நல்லது என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். எட்டு மாதம்.

மகள் நர்ஸிங் படிப்புக்காகக் குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார். இரண்டு தவணை நின்றுபோயிருந்தது. அடுத்த கூட்டத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டை நடுவில் வைத்துப் பேசினோம். "எல்லாருக்கும் ஒரு கஷ்டம் இருக்கு, கடன்னா கட்டித்தானே ஆகணும்" என்று ஒரு உறுப்பினர் சொன்னதும் நியாயம்தான், அவர் ஆட்டை விற்றுத் தவணை கட்டியவர். அரை மணி நேரம் சத்தம். கடைசியில் ஆறு மாதத்துக்குத் தவணையைப் பாதியாக்கி, அபராதம் இல்லாமல் தீர்மானம் எழுதினார்கள். ஊக்குநர் எழுந்து போய் அந்த அக்காவுக்கு டம்ளரில் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். தவணையைவிட அதற்குத்தான் அவர் அழுதார்.

மேஸ்திரியிடம் பேசி இப்போது செங்கல், ஜல்லி சுமக்கிற வேலைக்கு மட்டும் போகிறார். வாரத்தில் மூன்று நாள்தான் அந்த வேலை கிடைக்கிறது. கை முன்னைவிடத் தேவலை, முழுக்க ஆறவில்லை. கறவை மாட்டுக்குக் கடன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், கூட்டமைப்பில் இன்னும் முடிவாகவில்லை.

அவருக்கு நல வாரிய அட்டை இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. அவர் வீட்டுக்காரர் கொத்தனார், அவருக்கு அட்டை உண்டு. கூடவே அதே கட்டடத்தில் வேலை செய்த இவருக்கு இல்லை. நம் குழுக்களில் விசாரித்தால் இதே கதைதான் பல வீட்டில்.

அடுத்த கூட்டத்தில் பேச:

உங்கள் குழுவில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேரிடம் நல வாரிய அட்டை இருக்கிறது? எல்லாரும் கையை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டுங்கள். அரிப்போ வெடிப்போ இருந்தால், வேலை இல்லாத நாளில் குறைகிறதா என்று கேளுங்கள். குறைகிறது என்று யாராவது சொன்னால் பெயரையும், எத்தனை மாதமாக இருக்கிறது என்பதையும் எழுதி, 25-ஆம் தேதிக்குள் பிரதிநிதி மூலம் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். தோல் பிரிவுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போகலாம். நானும் வருகிறேன்.